அண்ணன் வெட்டிய குழாய்

மார்ச் 12, செவ்வாய்

சாயங்காலம் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், யாரோ தூக்கிப்போட்ட பழைய ஃப்ரிட்ஜைச் செம்புக்காகப் பிரித்துக்கொண்டிருக்கிறான் அண்ணன். குழாயை வெட்டியதும் உஸ்ஸென்று வாயு முழுவதும் வெளியே போனது. ஓசோனைத் தின்கிற அதே வாயு. வானத்தில் அது இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று செயற்கைக்கோள் அனுப்பும் எண்களைத்தான் பெங்களூரில் நாளெல்லாம் சரிபார்த்துவிட்டு வருகிறேன்.

"சிலிண்டர்ல புடிச்சி வைக்கக் கூடாதாண்ணா?" என்று கத்தினேன்.

"அதுக்கு மெஷின் நீ வாங்கித் தரியா? ஒரு ஃப்ரிட்ஜு காத்துக்கு இன்னாத்துக்கு இந்தக் கூச்சல்? உன் சேட்டிலைட்டுக்கு இது தெரியவா போவுது?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் அவருடைய லெவலில், காற்றைக் கெடுப்பவனை அடிக்காமல் விடமாட்டார்களாம். அவரே சொன்னதுதான். அவரும் சிரிக்கிறார்.

சேட்டிலைட்டுக்குத் தெரியாதுதான். அதுதான் வயிற்றெரிச்சல். நாளைக் காலையில் இன்றைய எண்களைத் திறப்பேன். எங்கள் ஊருக்கு மேலே புதிதாக ஒன்றும் இருக்காது. 'சரி' என்று நானே குறித்து அனுப்புவேன்.