அவள் எண்ணச் சொன்னது

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். உங்கள் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ, அங்கே அலை அடங்கியிருக்கட்டும். போன வாரம் நான் போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று கோபமாக இருப்பீர்கள். நீங்கள் கத்தினால் எனக்குப் பேச்சு வராது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். எழுதினால் குறுக்கே யாரும் பேச முடியாது. அதனால் எழுதி, அடுத்த துறைமுகத்தில் ஏறப்போகும் உங்கள் கப்பல் சமையற்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

“அவனுக்கு ஒரு கால்தானே போச்சு, இன்னொண்ணை நான் வந்து உடைக்கிறேன்” என்றீர்கள். “அவளை வேலைக்கு அனுப்பாதேன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?” என்றும் கேட்டீர்கள். நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முதலிலிருந்து சொல்கிறேன்.

அவளுடைய சிறப்புப் பள்ளிக்கூடத்தில் கடைசி இரண்டு வருடமும் பாடம் குறைவு, வேலைப் பழக்கம்தான் அதிகம். அதற்கென்றே ஒரு டீச்சர். ஒல்லி உடம்பு, காற்றடித்தால் பறந்துவிடுவாள். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். பாப்பாவை முதலில் ஒரு பேக்கரியில் பழக விட்டாள். வாங்க வந்தவர்களிடம் எல்லாம் நம் பெண், “இது நேத்து சுட்டது, வேணாம்” என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே, “பொய் பேசத் தேவையில்லாத இடமாப் பாப்போம்மா” என்றாள்.

அப்படிக் கிடைத்ததுதான் இந்தச் சலவைக்கூடம். ஆஸ்பத்திரி, ஓட்டல் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வரும். ஆள் நிற்கும் உயரத்துக்கு மெஷின்கள். ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு போக இடுப்பளவு இரும்பு வண்டிகள். பாப்பாவுக்குத் துணி பிரிக்கிற வேலையும், காய்ந்த பிறகு மடிக்கிற வேலையும். டீச்சர் ஒவ்வொரு படியையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டினாள். முதல் மாதம் முழுக்க நம் பெண்ணோடு நின்று தானும் மடித்தாள். பஸ்ஸில் கூடவே வந்தாள், பிறகு பின் சீட்டில் தெரியாதவள்போல் உட்கார்ந்து வந்தாள், பிறகு வரவில்லை. பாப்பா தனியாகவே போய் வந்தாள். ஒரே மாதத்தில் அந்த பஸ்ஸில் பாதிப் பேர் நமக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

டீச்சர் வருவது வாரத்துக்கு ஒரு தடவையாகி, மாதத்துக்கு ஒரு தடவையானது. அதுதான் முறையாம். தனியாக நிற்க விட்டால்தானே கால் ஊன்றும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த இடைவெளியில்தான் அந்தக் கூடத்துச் சூப்பர்வைசர் ஆரம்பித்திருக்கிறான்.

டீச்சர் வருகிற அன்று, “வாம்மா தாயே, நம்ம கூடத்துக்கே நீதான் செல்லப்பிள்ளை” என்பானாம். மற்ற நாளெல்லாம் ஈரத்துண்டு. துண்டை நனைத்து, முறுக்கி, முதுகிலும் தொடையிலும் வீசுவான். ஈரத்துண்டு சீக்கிரம் தடம் காட்டாது. மடிப்பு கோணினால் ஒன்று. ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் மாறினால் இரண்டு. அவள் பாத்ரூமில் அதிக நேரம் இருந்தாலும் விழும். ஒருநாள், துணி தேய்க்கும் மெஷினின் உருளை சூடாக இருக்கிறது என்று அவள் பின்வாங்கியதற்கு, மணிக்கட்டைப் பிடித்து உருளையின் மூடிமேல் அழுத்தினான். சூட்டுக் காயத்தைப் பார்த்து நான் கேட்டபோது, “நான்தான் தொட்டுட்டேன்” என்றாள். பொய் பேசவே தெரியாத பெண் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. மருந்து தடவி மறுநாள் அனுப்பிவிட்டேன். என் கையாலேயே சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று மாதம், பாப்பாவின் அப்பா. மூன்று மாதம் அடி வாங்கிக்கொண்டே ஒரு நாள்கூட லீவு போடாமல் போயிருக்கிறாள்.

நேற்று இதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று அவள் வேலைக்குப் போன பிறகு தொடர்கிறேன். ஆமாம், வேலைக்குத்தான் போயிருக்கிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் அதே பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு பெண் அங்கே சேர்ந்தாள். காது கேட்காது. தலைமுடியை வைத்து எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடுவார்கள். பாப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தான் சீனியர் அல்லவா? சுவர்ப் படங்களைத் தொட்டுத் தொட்டு அவளுக்கு மடிப்பு சொல்லிக் கொடுத்தாளாம்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலைப் பத்தரை மணி. சுருட்டை மெஷினுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள். அவன் கூப்பிட்டிருக்கிறான், அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். பிறகு போய்க் கொத்தாக முடியைப் பிடித்து, இரும்பு வண்டியின் விளிம்பில் அவள் நெற்றியை மோதினான். ஒரு தடவை இல்லை. இரண்டாவது மோதலில் நெற்றி பிளந்து, வெள்ளை விரிப்பெல்லாம் ரத்தம். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதக் குரல் மாதிரியே இல்லை என்று அங்கே துணி தேய்க்கும் அக்கா சொன்னாள்.

பாப்பா மடித்துக்கொண்டிருந்த துணியைச் சரியாக மடித்து முடித்து அடுக்கில் வைத்தாளாம். அதன் பிறகுதான் திரும்பினாளாம். ஈர விரிப்பு நிறைந்த வண்டியை இரண்டு கையாலும் பிடித்து, ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போய், அவனைச் சுவரோடு சேர்த்து மோதினாள். முழங்கால் உடைந்த சத்தம் மெஷின் ஓட்டத்தையும் மீறிக் கேட்டதாம். அவன் சரியவும், வண்டியைப் பின்னால் இழுத்து மறுபடி மோதினாள். அவன் கையை நீட்டித் தடுத்தான், விரல்கள் நசுங்கின. மூன்றாவது தடவை விலாவில். பிடிக்கப் போன இரண்டு ஆண்களையும் உதறிவிட்டாள். நம் பாப்பா. கரப்பான்பூச்சியை அடிக்கவிடாமல் காகிதத்தில் ஏந்திப் போய் வெளியே விடுகிறவள்.

ஒவ்வொரு மோதலுக்கும் அவனைப் பார்த்து, “எண்ணு! எண்ணு! வாய்விட்டு எண்ணு!” என்று கத்தியிருக்கிறாள்.

தேய்க்கும் அக்கா என்னிடம் அதைத்தான் கேட்டாள். “ஏம்மா, என்னத்தை எண்ணச் சொன்னா? எங்க யாருக்குமே புரியலையே” என்றாள்.

எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

ஒன்பது வயதில் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. நீங்கள் கப்பலிலிருந்து வந்த விடுமுறை. இடுப்புப் பெல்ட்டைக் கழற்றினீர்கள். ஒவ்வொரு அடிக்கும் எண்ணச் சொன்னீர்கள். எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. அவளுக்கு ஏழுக்குமேல் வராது. எட்டு என்று சொல்லத் தெரியாமல் எத்தனை தடவை ஒன்றுக்குத் திரும்பி வந்தாள்! அடியும் ஒன்றிலிருந்து திரும்பி வந்தது. பொத்தானுக்குப் பிறகு செருப்பு வார், பெயர் எழுதுவது, தண்ணீர் சிந்தாமல் குடிப்பது. “ரெண்டு போட்டாத்தான் மண்டையில ஏறும்” என்பீர்கள்.

உங்களை மட்டும் சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. அவள் திமிராமல் இருக்க இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது யார்? நான்தான். அடி ஓய்ந்த பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் நான்தான். பிடித்ததும் நானே, ஒத்தடம் போட்டதும் நானே. நல்ல அம்மா!

போலீஸ் ஸ்டேஷனில் முதலில், “மூளை வளர்ச்சியில்லாத பெண் வெறி பிடித்துத் தாக்கினாள்” என்று எழுதிவிட்டார்கள். டீச்சர் அந்தக் காகிதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. “அந்த வரியை அடிங்க. அடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்” என்றாள். சலவைக்கூடத்து முதலாளியம்மா கேமராப் பதிவைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேய்க்கும் அக்கா தானாகவே வந்து, “மூணு மாசமாப் பாத்தேன் சார். வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எழுதிக்குங்க” என்று சாட்சி சொன்னாள். நானும் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே. அவளை எப்படித் திட்டுவேன்?

பெண் அதிகாரி பாப்பாவிடம் மெதுவாகத்தான் கேட்டாள்: இத்தனை நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? பாப்பா அவளை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “வேலை கத்துக் கொடுக்கிறவங்க அடிப்பாங்க. அப்பா அப்படித்தான் கத்துக் கொடுப்பாரு. என்னை அடிக்கலாம். சுருட்டைக்குக் காது கேக்காது, அவளால எண்ண முடியாதுல்ல?” என்றாள்.

டீச்சர் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். மடிக்கவும் பஸ் ஏறவும் சொல்லிக் கொடுத்தேன், இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டேனே என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டில் நடந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கால் கூடும், பழையபடி நடக்காது என்கிறார்கள். வேலை போய்விட்டது. அவன் மேல் வழக்கு நடக்கிறது. நம் பெண் மேல் அவன் கொடுத்த புகார், கேமராவைப் பார்த்த பிறகு நிற்கவில்லை. சுருட்டைக்கு நெற்றியில் பதினோரு தையல். இருவரையும் முதலாளியம்மா நேரில் வந்து மறுபடி வேலைக்குக் கூப்பிட்டாள். நான் வேண்டாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் பாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். இப்போது தேய்க்கும் அக்காதான் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு. டீச்சர் மறுபடி தினமும் போகிறாள்.

இன்னொன்றும் செய்கிறாள். வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுப் பாடம். யாராவது கையை ஓங்கினால், உள்ளங்கையை முன்னால் நீட்டி, “நிறுத்துங்க. அடிக்கக் கூடாது” என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு யாரிடம் போய்ச் சொல்வது என்பதற்கு மூன்று படங்கள். வீட்டிலும் பழக்கச் சொன்னாள். அடிக்கிற ஆளாக நான் நடிக்க வேண்டும்.

முதல் நாள் நான் கையை ஓங்கியதும் பாப்பா என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு கையையும் சேர்த்து என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொள்ளட்டும் என்று. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு, “ஒண்ணு” என்றாள். அடி விழாமலே எண்ணினாள். ஆறாம் நாள் நான் கையை ஓங்கியபோது அவள் உள்ளங்கை மேலே வந்தது. குரல் வெளியே வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் குரலும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீர்கள். அவனுடைய இன்னொரு காலை உடைக்கிற உரிமை நமக்கு இல்லை. அவன் செய்ததை நாம் முதலில் செய்தோம்.

அவளை இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லாதீர்கள். அவளுக்கு ஆபத்து வெளியே மட்டும் இருந்ததில்லை.

அடுத்த மாதம் இறங்குகிறீர்கள். அப்பா எப்போ வருவாரு என்று தினமும் கேட்கிறாள். காலண்டரில் ஏழு நாள்வரை எண்ணிவிட்டு, மிச்சத்தை என்னை எண்ணச் சொல்கிறாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. எனக்குப் பொறுக்காதது அதுதான். வாருங்கள். இது உங்கள் வீடு. ஆனால் ஒரு கோப்பை கைதவறி உடையும், ஒரு பொத்தான் மாறிப் போகும், உங்கள் கை தானாக மேலே போகும். அப்போது அவள் உள்ளங்கையை நீட்டி அந்த வார்த்தையைச் சொல்வாள். சிரிக்காதீர்கள். யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.

நின்றுவிடுங்கள். அவளுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். இந்தத் தடவை அவள் கைகளைப் பிடிக்க மாட்டேன்.

கடலும் காற்றும் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா