எள்ளுத்தாத்தா வெளியே போயிருக்கிறார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் அவளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். உன் கடிதம் வந்தது. அங்கே நிலையாகத் தங்கப் பதிவு செய்ய வேண்டுமென்றால், நம் வீட்டுக் குடியிருப்புப் பதிவிலிருந்து உன் பெயரை நீக்கிவிட்டதாக இங்கிருந்து ஒரு தாள் வேண்டும், சீக்கிரம் வராவிட்டால் உன் வேலைக்கே சிக்கல் என்று எழுதியிருந்தாய். சாதாரணமாகத்தான் எழுதியிருந்தாய். அம்மா படித்துவிட்டு, சர்க்கரை போடாத டீயை ரொம்ப நேரம் கலக்கிக்கொண்டிருந்தாள். நான், ஒரு தாள்தானே, காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன், அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்.

பதிவு அலுவலகம் மாடியில். கவுன்டருக்குப் பின்னால் ஒரு அம்மாள், வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையை நாற்காலியில் போட்டு உட்கார்ந்திருந்தாள், மரியாதையானவள், ஆனால் எதற்கும் ஆச்சரியப்படமாட்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும், பேரை எடுக்கணும்னா குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடணும் சார் என்றாள். நான் பேனாவை எடுத்தேன். நீங்க இல்ல சார், தலைவர் என்றாள். எனக்குச் சுருக்கென்றது, இருந்தாலும் வீட்டில் தலைவர் யார் என்று இவளுக்கும் தெரிந்துவிட்டது போல என்று நினைத்து, சரி, அம்மாவை அழைத்து வருகிறேன் என்றேன். அதுவும் இல்லையாம். நம் வீட்டுக்குத் தலைவர் உன் எள்ளுத்தாத்தாவாம், அதாவது என் தாத்தாவின் அப்பா. தாத்தா, என் அப்பா, நான், சித்தப்பா, அம்மா, நீ, எல்லாருக்கும் நேரே 'வந்து தங்கியிருப்பவர்' என்று போட்டிருக்கிறது. நான் பிறந்த வீட்டில் பிறந்த நாளிலிருந்து விருந்தாளியாக இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா, அப்போ இத்தனை வருஷமா ஊர் பேர் தெரியாத விருந்தாளிக்கா வடிச்சுக் கொட்டினேன் என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலம் எனக்கு மட்டும் நல்ல தட்டில் சோறு போட்டாள். கிண்டல்தான், ஆனால் சோறும் கொஞ்சம் கூடவே இருந்தது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் அந்த அம்மாளிடம், அவர் செத்துப் பல காலம் ஆகிறது என்றேன். அப்படின்னா இறந்த பதிவைக் கொண்டாங்க என்றாள். தேடினாள், நானும் தேடினேன், இல்லை. இறந்த பதிவு இல்லன்னா இருக்கார்னுதான் சார் அர்த்தம் என்றாள். உயிரோடு இருந்தால் உலகத்திலேயே வயதான மனிதர் அவராகத்தான் இருப்பார் என்றேன். வயசு கேக்க இதுல இடம் இல்ல, இருக்காரா இல்லையா, அவ்வளவுதான் என்று தலையணையைச் சரிசெய்துகொண்டாள். சரி, மனிதர் எங்கே போய்ச் செத்தார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நானும் உன் சித்தப்பாவும் கிளம்பினோம். அவன் குழாய் வேலைக்காரன், துணைக்கு அழைத்துப் போனால் எந்தக் கட்டடத்திலும் முதலில் குழாயைத்தான் பார்க்கிறான், ஆவணக் காப்பகத்தில் ஒரு ஒழுகலை நிறுத்திக் கொடுத்தான், அதனாலேயே எங்களை உள்ளே விட்டார்கள்.

உன் எள்ளுத்தாத்தா குடை ரிப்பேர் செய்பவர், அது உனக்கும் தெரியும். ஒரு வயது வரை மனிதர் எல்லா இடத்திலும் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் 'கணக்கு வராது, தொந்தரவும் கிடையாது' என்று வாத்தியார் எழுதி வைத்திருக்கிறார். கல்யாணப் பதிவில் மூலையில் எறும்பு மாதிரி ஒரு கையெழுத்து. அப்புறம் அவர்மேல் ஒரு புகார். அவர் சரிசெய்து கொடுத்த குடை விரிந்ததாம், திரும்ப மடங்கவே இல்லையாம், பிடித்துக்கொண்டு போன ஆள் தன் வீட்டு வாசலுக்குள் நுழைய முடியாமல் மழை விட்ட பிறகும் வெளியே நின்றாராம். விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆள் வரவில்லை. அதோடு சரி, மனிதர் மாயமாக மறைந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இல்லை, சிறைச்சாலையில் இல்லை, துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களில் இல்லை, இடுகாட்டில் இல்லை. சித்தப்பா துறைமுகத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டான். அவர் கடல் தாண்டிப் போய் ஏதோ ஒரு தீவில் பெரிய ஆளாகியிருக்கிறார் என்று சொல்லி, படம் கிடைத்தால் மாட்டுவதற்கு ஒரு ஃபிரேமும் வாங்கிவிட்டான். ஃபிரேம் இப்போது கூடத்தில் காலியாகத் தொங்குகிறது, பார்க்கிறவர்கள் கண்ணாடி என்று நினைத்துத் தலை வாரிக்கொள்கிறார்கள்.

கடைசியில் தலையணை அம்மாள்தான், வீட்டுக் கணக்கு எடுக்க வருபவர்கள் எழுதியதைப் பாருங்கள் என்றாள். பார்த்தால், கணக்கெடுக்க வந்த ஒவ்வொரு தடவையும் அவர் பெயருக்கு நேரே ஒரே வரி, 'வெளியே போயிருக்கிறார், வந்ததும் பதியவும்.' ஆள் மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, மை மாறுகிறது, இவர் மட்டும் வெளியேயே இருக்கிறார். அதைவிடக் கூத்து, அவர் வெளியே போன பிறகுதான் என் தாத்தாவே பிறந்திருக்கிறார். தாத்தாவுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். நான்கு பிறப்புப் பதிவிலும் தகப்பனார் இருக்கிறாரா என்ற கேள்விக்கு வெளியே போயிருக்கிறார் என்றே பதில். சித்தப்பா காதெல்லாம் சிவந்து, நம்ம கொள்ளுப்பாட்டியைப் பத்தி இப்படியெல்லாம் எழுதலாமா என்று அந்த அம்மாளிடமே சண்டைக்குப் போனான். அவள், எழுதினதோட சரி சார், நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம் என்றாள். தீவில் பெரிய ஆளானவர் வருஷா வருஷம் எப்படி வந்துபோனார் என்று சித்தப்பா அன்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தான்.

விடை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன், சிரிக்காதே. ஒரு நாள் காலையில் வாசலில் பெல் அடித்தது. நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். பேப்பரைப் போட்டுவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு, சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். யார் வந்தாலும் அப்படித்தான், என் அப்பாவும் அப்படித்தான், சித்தப்பா தன் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்பான். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் பயந்துபோனாள், இப்போது பழகிவிட்டது, கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்து, அவர் வெளிய போயிருக்காரே என்றாள். நான் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், முதுகில் ஏதோ குத்துகிறது, தடவிப் பார்த்தால் பழைய குடைக் கம்பிகள். வாசலில் பேனா கிறுகிறுவென்று எழுதுகிற சத்தம். அப்போது எனக்குப் புரிந்தது, மகளே, உன் எள்ளுத்தாத்தா எங்கேயும் போகவில்லை. குடை மடங்காத அந்த ஆள் சண்டைக்கு வருவார் என்று பயந்து இதே கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார், அப்புறம் அதுவே பழகிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரை ஊரெல்லாம் தேடினேன், நான் தினமும் நிற்கிற இடத்தில் நின்றிருந்தார்.

வந்தது யார் தெரியுமா, தலைவர் பெயரை என் பெயருக்கு மாற்றக் கேட்டு நான் கொடுத்திருந்த மனுவுக்காகப் பதிவு அலுவலகத்திலிருந்து அனுப்பிய விசாரணைக்காரர். குடும்பத் தலைவராகக் கேட்பவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்க வந்தவர். என் பெயருக்கு நேரேயும் வெளியே போயிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி அலுவலக மாடிக்குப் போய், இதோ நான் இருக்கிறேன் பாரம்மா என்றேன். தலையணை அம்மாள் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், இங்க இருக்கீங்க, அது தெரியுது, ஆனா வீட்டுல இல்லையே என்றாள். மறுபடியும் ஆள் வருவார், வீட்டில் நேரில் பார்த்தால்தான் அந்த வரியை அடிக்க முடியும், எப்போது வருவார் என்று சொல்லமாட்டார்கள். அதனால் வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பெல் அடித்ததும் கால் தானாக எழுந்துவிட்டது, உன் அம்மா சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பொத்தான் போயிற்று.

விசாரணைக்காரர் நல்ல மனிதர், பாவம், செருப்பைக் கழற்றிக் கழற்றியே ஓய்ந்துபோனவர். என்னைத் தொட்டுப் பார்க்காத குறையாகப் பார்த்து, வந்துவிட்டார் என்று எழுதினார். அடுத்து உன் எள்ளுத்தாத்தா. இவர் திரும்பி வந்தாரா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் அம்மா, அவர் போகவே இல்ல, நாலு புள்ள பெத்திருக்கார், இந்தப் பரம்பரையில ஆம்பளைங்க வீட்டுல இருந்தாலும் வெளிய போனவங்கதான் என்று போட்டு உடைத்தாள். விசாரணைக்காரர் மறு பேச்சில்லாமல் வந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டு, இப்ப எங்க என்றார். இறந்துட்டார் என்றாள். அதையும் எழுதினார். ஆனால் நாங்கள் சொன்ன நாளைத்தான் இறந்த தேதியாக அவரால் போட முடியுமாம், அதாவது அன்றைய தேதியை. ஆக, உன் எள்ளுத்தாத்தா போன புதன்கிழமை காலையில் வீடு திரும்பினார், டீ ஆறுவதற்குள் காலமானார். இறந்த அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், அதைப் பார்த்து எதிர்வீட்டுத் தையற்காரர் துக்கம் விசாரிக்க வந்தார், என் ரொட்டிக்கடைச் சிநேகிதர் வந்தார், சொல்லவே இல்லையே, எத்தனை நாளாப் படுக்கையில இருந்தார் என்று கேட்டார். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து காலி ஃபிரேமுக்கு முன்னால் நிஜமாகவே அழுதான். எனக்கோ, இவ்வளவு காலம் கழித்து வந்த மனிதரை ஒரு வாய் சாப்பிட வைத்து அனுப்பவில்லையே என்று இருந்தது.

இப்போது நான்தான் குடும்பத் தலைவர், எழுத்தில். அம்மா கேட்டுவிட்டு, சரி தலைவரே, பால் வாங்கிட்டு வாங்க என்றாள். முதல் வேலையாக உன் தாளில் கையெழுத்துப் போட்டேன், முத்திரையோடு இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், மடிக்காமல் கொடு. நீ இந்த வீட்டில் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன், பொய் சொல்லவில்லை, கை வரவில்லை. நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும், அதற்கு இது வேண்டும், அதனால் போட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு விசாரணைக்காரர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், உன் அறை வாசலில் நின்று, மேஜை விளக்கையும் கதவில் தொங்கும் உன் மழைக்கோட்டையும் பார்த்து, இது யாரோடது என்றார். அம்மா கோட்டைத் தடவி நேராக்கினாள். நான் யோசிக்கவே இல்லை, என் பொண்ணோடது, வெளிய போயிருக்கா என்றேன். வாயில் வந்துவிட்டது, அவரும் எழுதிவிட்டார்.

நான் பதறிப்போய்த் தலையணை அம்மாளிடம் கேட்டேன். நீ பயப்படாதே, உன் தாள் ஒரு பிரிவு, அந்த வரி இன்னொரு பிரிவு, இரண்டு பிரிவுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லையாம், உன் தாள் செல்லும். ஆனால் அந்த வரியை என்னாலும் அடிக்க முடியாது, அவளாலும் முடியாது, விசாரணைக்காரர் வரும்போது நீ வீட்டில் இருந்தால்தான் முடியும். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் வரும்போது நாலு நாள் லீவு என்று வராதே, நிறைய நாள் இருக்கிற மாதிரி வா.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உங்கள் இருவருக்கும் என்றைக்கும் உண்டு, எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும். ஒன்றை மறக்காதே, வந்திருக்கும்போது பெல் அடித்தால் சாமான் அறைக்கு ஓடக் கூடாது. என் பெண் நீ, ஓடுவாய், எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சட்டையைப் பிடித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும்
உன் அப்பா