பஸ் ஸ்டாப்பில் என் ஃப்ளெக்ஸ்

அப்பாவுக்கு, கௌசல்யா எழுதறதுங்க. ஜெர்மனியில குளுருதான், ஆனா நான் நல்லாயிருக்கறேன். உங்க முழங்கால் வலி தேவலைங்களா?

போன்ல சொல்ல வெக்கமா இருக்குது, அதான் எழுதறேன். பக்கத்து ஊட்டு கோமதி அக்கா நேத்து கூப்பிட்டாங்க. கோபாலபுரம் பஸ் ஸ்டாப்புல நீங்க வெச்ச ஃப்ளெக்ஸுல, "தசை நோயை வென்ற தங்கமகள்"னு போட்டிருக்குதாமா. "எம் பையனுக்கு மருந்து எப்பக் கெடைக்கும், கண்ணு?"ன்னு கேட்டாங்க.

நோய் எந்த ஜீன்ல இருந்து வருதுன்னுதான் இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதியிருக்கறேன். அதுல ஒண்ணு அக்கா பையன் ரத்தத்த வெச்சு எழுதுனதுங்க. மருந்து எதுலயும் இல்லீங்க.

அம்மாகிட்டச் சொல்லி கொள்ளுப்பொடி கொஞ்சம் அனுப்புங்க. ஒருத்திக்காகச் சமைக்கவே தோண மாட்டேங்குது.

லேபுக்கு நேரமாச்சு. இது கைக்கு வந்ததும் ஃப்ளெக்ஸக் கழட்டிருங்கப்பா. நடக்க முடியாத பையனத் தூக்கிட்டு, பஸ்ஸுக்கு அக்கா அதுக்கு அடியிலதான் நிக்கோணும்.