வேலிக்குள் மாட்டிக்கொண்ட மாலக்கியின் கல்

அனுப்புநர்:
ஃபிடெல்மா ஹனராட்டி,
தேவாலயச் சாலை, கில்டூரின்,
ஆஃபலி மாவட்டம், அயர்லாந்து.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பழஞ்சின்னக் காப்பு அலுவலகம், டப்ளின்.

பொருள்: தொன்மைச் சின்னம் என்று தவறாக வேலிக்குள் அடைக்கப்பட்ட என் கணவரின் கல்லறைக் கல்லை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்ப் பழைய மடத்து இடுகாட்டில் நிற்கும் ஆயிரமாண்டுக் கற்சிலுவையைச் சுற்றித் தங்கள் அலுவலகம் சென்ற மாதம் கம்பி வேலி போட்டுப் பூட்டியது. நல்ல காரியம். கட்டிப்பிடித்தால் பல்வலி தீரும் என்று நம்பி வரும் பல்வலிக்காரர்களே அதைப் பாதி தேய்த்துவிட்டார்கள். ஆனால் அதன் அருகே அடக்கம் செய்யப்பட்ட என் கணவர் மாலக்கியும் உள்ளே மாட்டிக்கொண்டார்.

2. அதோடு விடவில்லை. அவருடைய கல்லில் எண் ஒட்டி, "ஒன்பதாம் நூற்றாண்டு, பெயர் தெரியாத துறவி" என்று பலகையும் வைத்துவிட்டார்கள். மாலக்கி பால் லாரி ஓட்டியவர். அவர் துறவி என்றால் நான் யார்? பெரிய சிலுவைக்குப் பக்கத்தில் பளபளவென்று நிற்பது மரியாதை இல்லை என்று, ஓய்வு பெற்றதும் தன் கல்லைத் தானே செதுக்கி, பாசி பிடிக்க மோர் தடவித் தடவி வளர்த்தார். சிலுவையில் செதுக்கியிருக்கும், பைபிள் கதையில் சிங்கக் குகையில் போடப்பட்ட தானியேலையும் அந்தச் சிங்கங்களையும் பார்த்துத்தான் செதுக்கினார். சிங்கங்கள் எங்கள் நாயின் சாடையில் வந்துவிட்டன. பலகை அதை "அரிய கலைப்பாணி" என்கிறது. உயிரோடு இருந்திருந்தால் மனிதர் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்.

3. தங்கள் இளம் அலுவலரிடம் முறையிட்டேன். "உங்க வீட்டுக்காரர் எப்பம்மா தவறினாரு?" என்று கேட்டார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என்றேன். "இது ஆயிரம் வருஷத்துக் கல்லும்மா" என்று பரிவோடு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாலக்கியின் பெயர் கல்லின் அடியில் உள்ளது. அதைத் தொட்டாலே அரிக்கும் காஞ்சொறிச் செடி மூடியிருக்கிறது. செடியைப் பிடுங்க என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்.

4. வரும் ஞாயிறன்று பாதிரியார் கல்லறைகளை ஆசீர்வதிக்க வருகிறார். அவரவர் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, பக்கத்தில் நிற்பது எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டு டிம்ப்னா, "என்னடி ஃபிடெல்மா, மாலக்கிய கம்பி எண்ண வச்சுட்டாங்களாமே!" என்று கடைத்தெருவில் கேட்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் வெள்ளிக்கிழமை லாரி வந்து கல்லை அருங்காட்சியகத்துக்கு ஏற்றிப் போகுமாம். அதை என்னால் தாங்க முடியாது.

ஆகவே, அதற்கு முன் கதவைச் சிறிது நேரம் திறந்துவிட ஆணையிடுமாறு வேண்டுகிறேன். கையுறை நானே கொண்டுவருகிறேன். தங்கள் அலுவலர் கூடவே நின்று பார்க்கட்டும். தன் பெயருக்குக் கீழே என் பெயருக்கும் மாலக்கி இடம் விட்டுச் செதுக்கியிருக்கிறார். கல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டால் நான் எங்கே போவேன், ஐயா?

இடம்: கில்டூரின்
தேதி: 14 ஜூலை 2014

இப்படிக்கு,
ஃபிடெல்மா ஹனராட்டி
(பெயர் தெரியாத துறவியின் மனைவி)