ஸ்ட்ராபெரிக் கூடத்தில் பனிக்காலம்

செயற்கை வசந்தம், காலை
செவ்வாய்க் கோள், ஸ்ட்ராபெரிக் கூடம். பூச்சியியலாளர் பிரிசில்லாவின் பதிவு. இலைக்கு நான்கைந்து, சாறுறிஞ்சும் சிலந்திப்பேன்கள். அவற்றைத் தின்னும் வேட்டைப்பேன்களும் ஏறக்குறைய அதே அளவு. மொட்டுக்குள் ஒளியும் வெள்ளைப்பேன் அரிது. எல்லாம் கட்டுக்குள்.

கப்பல் தலைவர் ஜெபசிங்கின் செய்தி: "தங்கச்சி, சீக்கிரமே வந்துருவோம். பழம் பழுத்திருக்கணும். சூட்டைக் கூட்டு."

கூட்டினேன்.

செயற்கைக் கோடை, மதியம்
காற்று காய்ந்துவிட்டது. வேட்டைப்பேன்களின் முட்டைகள் வற்றிச் சுருங்கின. சிலந்திப்பேன்களுக்கோ வாரம் ஒரு தலைமுறை. இலைகள் வெளிறிவிட்டன. பழம் ஒன்றைத் தொட்டேன். அதன் தோல் நகர்ந்தது.

கோடை முடிவு
செடி தெரியவில்லை, நூலாம்படைதான் தெரிகிறது. நுனிகளில் பேன்கள் உருண்டை உருண்டையாகத் திரண்டு, கயிறு கயிறாகத் தொங்குகின்றன. தரையில் சொத்தென்று விழுந்து சிதறுகின்றன. இமையில் இருக்கின்றன. பல்லிடுக்கில் இருக்கின்றன. துப்பத் துப்ப வருகின்றன. இன்று சாப்பிடவில்லை.

செயற்கைப் பனிக்காலம்
விளக்கைக் குறைத்துக் குளிரூட்டினேன். செடிகள் செத்தன. சனியன்கள் சாகவில்லை. பெண்பேன்கள் ஆரஞ்சு நிறமாகி, தீனியை விட்டு, உறங்க இடுக்குத் தேடின. மெத்தைத் தையல், சட்டை மடிப்பு. காதைக் குடைந்தேன். குச்சி நுனி ஆரஞ்சு.

மாலை
கப்பல் இறங்கிவிட்டது.

"கதவுகிட்ட வந்து நில்லு தங்கச்சி. உன்னை ஏத்திக்கிட்டு பெரிய தளத்துக்குப் போயிருவோம்."

அங்கே அத்தனை பேரும் அவரைக்காய்த் தோட்டத்தை நம்பி உயிர் வாழ்கிறார்கள். இந்தப் பேன்களுக்கு அவரைச்செடி என்றால் விருந்து.

"நான் வரல அண்ணாச்சி. என் தலைமுடி ஒண்ணுகூட அங்க வரக்கூடாது. திரும்பிப் போயிருங்க."

"கிறுக்குத்தனமா பேசாதட்டி! உன் வீட்டுல நான் என்ன பதில் சொல்லுவேன்? கதவைத் திற!"

இரவு
தட்டுகிறார். கதவை உள்ளிருந்து பற்றவைத்து அடைத்துவிட்டேன். அவர் அழுவது ஒலிபெருக்கியில் கேட்டது, அணைத்தேன். கப்பல் கிளம்பும் அதிர்வு. நல்லது.

இனி கூடத்தின் காற்று முழுவதையும் வெளியே திறந்துவிட வேண்டும். விண்வெளி உடையை மாட்டினேன். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, உள்ளேயும் இருக்கின்றன. உடம்புச் சூட்டில் விழித்துக்கொண்டு கழுத்தில் ஏறுகின்றன. சொறிய முடியவில்லை. முகக்கண்ணாடியின் உட்புறம் ஆரஞ்சு. எழுதுவது மங்கலாகத்தான் தெரிகிறது.

காற்றைத் திறந்துவிடும் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். இழுக்கிறேன். எனக்கு முன்னால் இவை சாக வேண்டும். இந்த நாற்றம் பிடித்த கூட்டம் மொத்தமும் காய்ந்து உதிர்வதை நான் பார்க்க—