பன்னிரண்டாம் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம்

அன்பிற்கும் ஆசிக்கும் உரிய என் மகளுக்கு உன் தாய் எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடல் அளவில் நலமாகவே உள்ளோம், உள்ள அளவில் நான் எவ்வாறு உள்ளேன் என்பதை இக்கடிதத்தின் போக்கில் நீயே அறிவாய். உன் கணவரின் இருமல் நின்றதா என்பதையும் உன் இடுப்பு வலி எந்த மட்டில் உள்ளது என்பதையும் அறிய விழைகிறேன். ஆறு மாதமாக உன் வீட்டில் தம் மகனோடு தங்கியிருக்கும் உன் அத்தையையும் நான் நலம் விசாரித்ததாகச் சொல், முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மாடிப்படிக்கு ஒருவழியாகக் கைப்பிடி பொருத்திவிட்டார்கள், உன் பழைய அறையின் அலமாரியில் கரையான் ஏறியதால் உன் புத்தகங்களை எல்லாம் கூடத்தில் அடுக்கியிருக்கிறேன், உன் அப்பா அவற்றின்மேல் காப்பி டம்ளரை வைக்கிறார், சொன்னால் கேட்பதில்லை. நிற்க. ஞாயிறுதோறும் அங்குள்ள நம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறாயே, அவர்களுக்காக நீ எழுதி அச்சிட்ட நிலப்பிரிவுச் சொற்கள் பற்றிய சிறு நூல் சென்ற செவ்வாயன்று வந்து சேர்ந்தது. கீழ் வீட்டுத் தையல்காரி அப்போது இங்கே இருந்தாள். ஊர், நாடு, வட்டம், கோட்டம் என்று அட்டையில் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, முன்னுரையை உரக்கப் படி என்று நானே அவளிடம் நீட்டினேன். அவளும் படித்தாள். ‘கோட்டம் என்னும் சொல்லின் வரலாற்றை எனக்கு விளக்கியருளிய என் அத்தை, எனக்கு வாய்த்த இன்னொரு அம்மா’ என்ற வரியில் நிறுத்தி, “அக்கா, இன்னொரு அம்மா வந்துட்டாங்க, மொத அம்மாவ இன்னும் காணோமே, பின்னாடி வருவீங்களோ?” என்று கடைசி அட்டை வரை புரட்டிப் பார்த்தாள். நான் வரவில்லை. ரவிக்கை அளவு கொடுக்காமலேயே அவளை அனுப்பிவிட்டேன்.

மகளே, முப்பத்தொரு ஆண்டுகள் சாலைத்துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், உறைகளின்மேல் இருந்த முகவரிகளைப் பார்த்து எழுதி எழுதியே எழுத்தைக் கைவசப்படுத்தியவள். கோட்டம் என்ற சொல்லை நான் முத்திரைக் கட்டையால் குத்திய அளவுக்கு எந்தப் பேராசிரியரும் உச்சரித்திருக்க மாட்டார். உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். ரோடு ரோலர் ஓட்டிய மனிதர், எதையும் நசுக்கித் தட்டையாக்கித்தான் பார்ப்பார். “ஏம்மா, அவங்க காலேஜுல தமிழ் சொல்லிக் குடுத்தவங்க, நீ கவருக்குக் கோந்து தடவினவ, இதுல உனக்கு என்ன போட்டி?” என்றார். அன்று மாலை வரை அவரோடு நான் பேசவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை என்பது தனி வருத்தம்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும், விடுமுறையில் என்னோடு அலுவலகத்துக்கு வந்து தபால் பையின்மேல் உட்கார்ந்துகொண்டு, “கோட்டம்னா என்னம்மா?” என்று கேட்டாய். கோட்டைதான் அதற்குத் தாய், ஒரு கோட்டையிலிருந்து ஆளப்பட்ட நிலமெல்லாம் கோட்டம் என்று நான் சொன்னேன். நீ அதைப் பயன்படுத்திய உறையின் உட்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டாய். அப்படியிருக்க, உன் நூலின் பன்னிரண்டாம் பக்கத்தில் என் கோட்டையைக் காணோம். கோடுதல் என்றால் வளைதல், வளைத்துச் சூழ்ந்த நிலம் கோட்டம், பழைய கல்வெட்டுகளில் பல நாடுகளை உள்ளடக்கிய பெரும்பிரிவுக்கு அப்பெயர், கோயிலுக்கும் அதுவே பெயர் என்று உன் அத்தையின் விளக்கம் பக்கம் முழுவதும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

அதில் பிழை காண வேண்டும் என்றே, ஆம், அதற்காகவே, மூன்று காலைகள் நூலகத்துக்குச் சென்றேன். பெரிய அகராதியை மேசைக்குத் தூக்கி வரும்போது நூலகர், “அம்மா, யாரு மேல கேஸு போடப்போறீங்க?” என்று கேட்டார். வளைவு, வணக்கம், கோயில், நாட்டுப் பிரிவு என்று வரிசையாக வந்தது. அவ்வரிசையிலேயே பொறாமை என்றும் ஒரு பொருள் இருந்தது, அதை நான் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. தேடித் தேடிப் பார்த்தும் உன் அத்தை சொன்னதே சரியாக இருந்தது. கோட்டை கோட்டத்துக்குத் தாய் அன்று, இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்றுதான் கொள்ள இடமிருக்கிறது.

அப்போதும் எனக்கு ஆறவில்லை. தவறாகச் சொன்னாலும் முதலில் சொன்னவள் நானல்லவா, நன்றி என்று ஒரு வரிக்கும் நான் தகுதியற்றவளா என்று மனம் பொங்கியது. வியாழனன்று நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். உன் அத்தை எடுத்தார். சம்பந்தி என்ற மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல், ஆனால் மனத்தில் இருந்ததை எல்லாம் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், சிரித்தார். “சம்பந்தியம்மா, அந்தப் பக்கத்துக்காக உங்க பொண்ணு ரெண்டு நாளா என்கூட மூஞ்சி குடுத்துப் பேசல தெரியுமா. எங்கம்மா சொன்னா தப்பா இருக்காது, நீங்க இன்னொரு தடவ பாருங்கன்னு ஒரே சண்டை. ஒரு பழைய கவரக் கொண்டாந்து என் முன்னாடி போட்டா, நீங்க சொன்னத எழுதி வச்சிருந்தா. அப்புறம் அவளே எல்லாத்தையும் பாத்துட்டு, சரி அத்தை, உங்களதே போட்டுடறேன், ஆனா எங்கம்மா பேச்சையே எடுக்க வேணாம், தப்பா சொன்னாங்கன்னு ஒருத்தரும் நினைக்கக் கூடாதுன்னுட்டா” என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் அடுப்பங்கரை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மகளே, உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று நீ கேட்டபோது அச்சொல்லின் பொருள் எனக்குத் தெரியாது. தெரியாது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒரு முத்திரை குத்தி அடுத்த உறையை எடுப்பதற்குள் கோட்டையை நானே கட்டிவிட்டேன். அதன் பிறகும் எத்தனையோ ஆண்டுகள் அதே சொல்லைக் குத்திக்கொண்டிருந்தேன், ஒருநாளும் சரிபார்க்கவில்லை. நீ ஓர் உறையை இத்தனை ஊர்களுக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றியிருக்கிறாய்.

ஆனாலும் நீ என்னை மூடி மறைத்ததை நான் ஏற்கவில்லை. மறைத்துக் காக்கும் அளவுக்கு நான் இளைத்துவிடவில்லை. இரண்டாம் பதிப்பு ஆவணிக்குள் வரும் என்று உன் அத்தை சொன்னார், இதையும் நான் அவரிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பதிப்பில் பன்னிரண்டாம் பக்கத்தில் பின்வருமாறு சேர்ப்பாயாக: ‘கோட்டை என்பதிலிருந்து கோட்டம் வந்தது என்று என் தாயார் எனக்குச் சொன்னார். அது பிழை.’ இவ்வளவு போதும், நன்றி எல்லாம் வேண்டாம். ஆனால் இவ்வரி உன் அத்தையின் விளக்கத்துக்கு மேலே வர வேண்டும், கீழே அல்ல. பிழை வந்த பிறகுதானே திருத்தம் வரும், ஆகவே முறைப்படியும் எனக்கே முதலிடம். பிழையாகவேனும் நான் அங்கே இருந்துவிட்டுப் போகிறேன், அவர் ஒருவரே அப்பக்கத்தில் குடியிருக்க வேண்டாம்.

நீண்ட நேரம் நின்றபடி பாடம் நடத்தாதே, இடுப்புக்கு ஆகாது. உன் அத்தையோடு இனி எனக்காகச் சண்டை போடாதே, போட்டால் எனக்குத் தகவல் தெரிவிக்காமல் இராதே. நீயும் உன் கணவரும் எல்லா நலனும் பெற்று நீடு வாழ இருவரும் வாழ்த்துகிறோம். அடுத்த சொல் எதுவாயினும் முதலில் என்னைக் கேள், தெரியாவிட்டால் இம்முறை தெரியாது என்றே சொல்வேன், பிறகு அவரைக் கேட்டுக்கொள். அந்த உறையைக் கரையான் அண்டாத இடத்தில் வை.

இங்ஙனம்,
உன் முதலாம் அம்மா
(தபால் பிரிவு, ஓய்வு)