தூண் பாடுமாம்

இன்று காலை கோட்டாறு கடைத்தெருவில் பானை வாங்கப் போனேன். கடைக்காரர் ஒன்றைத் தூக்கி விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பானையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது. அவர் பானையில்தான் குறை என்று நினைத்து வேறொன்றை நீட்டினார். செத்துப்போன என் வீட்டுக்காரர் நினைவு வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த எழுத்தைக் கேலி செய்வீர்களே, இப்போது உங்களுக்கே எழுதுகிறேன்.

கன்னியாகுமரி பார்க்க வருகிறவர்களை நாகர்கோவிலிலிருந்து உங்கள் வில்வண்டியில் கூட்டிப் போவீர்கள். பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் உங்களுக்கு ஆள் இருந்தது. பஸ் கதை சொல்லாது, நீங்கள் சொல்வீர்கள். மருந்துவாழ்மலை, அனுமார் தூக்கிப்போன மலையிலிருந்து விழுந்த துண்டு. வட்டக்கோட்டை, ராஜாவிடம் தோற்ற வெள்ளைக்காரன் அந்த ராஜாவுக்கே கட்டிக் கொடுத்தது. குமரிக் கரையில் அரிசி அரிசியாகக் கிடக்கும் மணல், அம்மனின் நடக்காமல் போன கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசி. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலத்தான் சொல்வீர்கள்.

சுசீந்திரத்தில் மட்டும் அது நடக்காது. நம் ஆட்கள் கோயிலுக்குள் போகக்கூடாது, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில்கூட நடக்கக்கூடாது என்றிருந்த காலம். பெரிய சாலையிலேயே வண்டியை நிறுத்தி, கோபுரத்தைக் கைகாட்டிச் சொல்லி அனுப்புவீர்கள். "ஒத்தக் கல்லுல கொத்துக் கொத்தா தூணு இருக்காம். தட்டுனா பாடுமாம். உள்ள போவும்போ சட்டையைக் கழத்தணும், மறந்திராதீங்க." பிறகு வண்டியிலிருக்கும் தண்ணீர்ப் பானையைத் தட்டி, இப்படியிருக்குமாம் என்று காட்டுவீர்கள்.

"அனுமாரு மலையைத் தூக்குனத கண்ணால கண்ட ஆளு, தூணுக்கு மட்டும் என்னத்துக்கு ஒரு 'ஆம்'?" என்று ஒருமுறை கேட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "அது கதை. இது அந்தா, அங்ஙன நிக்கி. கேக்காதத கேட்டேன்னு சொல்லப்பிடாது ஏட்டி. ஒரு நாளு கேப்பேன், அன்னைக்குச் சொல்லுதேன்" என்றீர்கள்.

அந்த நாளும் வந்தது. மகாராஜா உத்தரவு போட்டு, கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மாட்டைக் கூட விரட்டாமல் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினீர்கள். வாசலில் நின்றவர் மரியாதையாகத்தான் சொன்னார், சட்டையைக் கழற்றிவிட்டுப் போங்கள் என்று. ராஜாவே வந்தாலும் அதுதான் முறை. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். மேல் பித்தானைக் கழற்றினீர்கள். அதோடு கை நின்றுவிட்டது.

உங்களைக் குளக்கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து, என்ன என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னீர்கள். நம் பெண்கள் தோளில் துணி போடக்கூடாது என்றிருந்த நாளில், சின்னப் பெண்ணாகச் சந்தைக்குப் போன உங்கள் அம்மையின் தோள்சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்திருக்கிறார்கள். அத்தனை வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அன்றுதான் அது தெரியும்.

"அம்மைக்க துணியை அவனுவ உருவுனானுவ. எனக்கத நானே கழத்தணுமா?"

"அது வேற, இது வேற. இது சாமிக்காக்கும்."

"தெரியும் ஏட்டி. எல்லாம் தெரியும். கை கேக்க மாட்டேங்கு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு காலம் காத்திருந்துவிட்டு ஒரு பித்தானில் வந்து நிற்கிறீர்களே என்று அழுதேன். நானும் போகவில்லை, வீட்டுக்குப் போவோம் என்றேன்.

"இங்கேருந்து குமரியம்மனைக் கெட்டப் போன சாமியே பாதி வழியில திரும்பியாச்சு. நான் எம்மாத்திரம்? நீ போ. எனக்கும் சேத்து கேட்டுட்டு வா."

போனேன். அங்கே நின்ற பெரியவர் ஒருவர் தூணைத் தட்ட, நான் காதைக் கல்லோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை எடுக்கவில்லை. சாமியைச் சரியாகக் கும்பிட்டேனா என்றுகூட நினைவில்லை.

திரும்பி வந்தபோது வண்டியில் சாய்ந்து நின்றீர்கள். "பாடிச்சா?"

"பாடிச்சு. பானைச் சத்தம் மாதிரி இல்ல. அது ஒடனே நிண்ணு போவும். இது கல்லுக்குள்ள கொஞ்ச நேரம் கெடக்கு."

தலையை ஆட்டினீர்கள். அதன் பிறகும் நீங்கள் அந்தக் கோயிலுக்குள் போகவே இல்லை.

கொட்டாரத்தில் தங்கை வீட்டுக்குப் போக ஒருநாள் உங்கள் வண்டியிலேயே ஏறினேன். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றும் கூட வந்தது. சுசீந்திரத்தில் வண்டி நின்றதும் அந்த வீட்டுப் பெரியவர், தூண் பாடும் என்கிறார்களே, நிஜமா என்று கேட்டார்.

"பாடும்" என்றீர்கள். பானையைத் தொடவில்லை.

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"எனக்க வீட்டுக்காரி கேட்டிருக்கா" என்றீர்கள், என் பக்கம் திரும்பாமல்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. பிள்ளைகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் நான் எதைச் சொன்னாலும், "நெசமாவா? யாரு சொன்னா?" என்று கேட்கிறார்கள். ஒருநாளும் என்னிடம் அப்படிக் கேட்காத ஆள் நீங்கள் ஒருவர்தான்.